மிச்சம் நாளைக்கி

பதினான்காம் அத்தியாயத்தின் தொடக்க மௌனத்தில் யாரோ மூச்சு விட்டார்கள்.

வாசிப்பவளின் மூச்சு அல்ல அது. முனவ்வராவின் மூச்சை அருந்ததி பதின்மூன்று அத்தியாயங்களாகக் கேட்டுச் சலித்திருந்தாள்: ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் கிணற்றில் குதிக்கப்போகிறவள் மாதிரி ஓர் இழுப்பு. அவற்றை வெட்டி எடுக்கவே அரை நாள் போய்விடும். இது வேறு. மைக்கிலிருந்து நாலைந்து அடி தள்ளி, எதற்கும் அவசரமில்லாத ஒன்று, ஈரமாக உள்ளே இழுத்து, கொஞ்ச நேரம் வைத்திருந்து, விட்டது. அதன் பிறகுதான் முனவ்வராவின் குரல் "அத்தியாயம் பதினாலு" என்று ஆரம்பித்தது.

அருந்ததிக்கு முதலில் வந்தது பயமல்ல, எரிச்சல். ஆளைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்டு வாசிக்கிறாள், மடைச்சி.

மாத்தளை அரசாங்கக் கச்சேரியில் முப்பத்துநான்கு வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் அவள். பிறந்த ஊர் பருத்தித்துறை. ஓய்வுக்குப் பிறகு ஊருக்குத் திரும்பாமல், திருகோணமலை வீதியில் அப்துல் ஸமத்தின் மிளகு, கராம்புக் களஞ்சியத்துக்கு மேலேயுள்ள அனெக்ஸிலேயே தங்கிவிட்டாள். அங்கிருந்தபடி ஓர் இணையக் குழுவுக்குத் தொண்டு செய்தாள். உரிமைக்காலம் முடிந்த பழைய கதைகளைக் குரலில் பதிந்து, யாரும் காசில்லாமல் கேட்கும்படி போட்டுவிடுகிற குழு அது. யாரும் வாசிக்கலாம் என்பது அவர்களுடைய கொள்கை. அதனால் யார் யாரெல்லாமோ வாசித்தார்கள். எல்கடுவயில் ஓய்வுபெற்ற தேயிலைத் தோட்ட உத்தியோகத்தர் ஒருவர் காதல் காட்சியைக் கொழுந்து நிறுக்கிற குரலில் வாசித்து அனுப்பினார். 'ழ'வைக் கண்டால் வழுக்கி விழுகிறவர்கள், இடையில் தேநீர் உறிஞ்சுகிறவர்கள், சோகமான இடத்தில் தாங்களே அழுகிறவர்கள். அருந்ததியும் இடையிடையே ஒரு கதை வாசித்தாள், ஆனால் அவர்களுக்கெல்லாம் சரிபார்ப்பாளர் அவள்தான். அச்சுப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகக் கேட்டு, நிமிடமும் வினாடியும் போட்டுப் பிழை எழுதி அனுப்புவாள். அவளுடைய குறிப்பைப் பார்த்து மூன்று பேர் குழுவை விட்டே போயிருந்தார்கள். அதை அவள் ஒரு சேவையாகவே கருதினாள்.

குழுவுக்கு இரண்டு விதிகள்தான். பிரதியில் உள்ளதை வாசிக்க வேண்டும், ஒரு சொல் கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. மற்றது, ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் முடிவிலும் பத்து வினாடி பேசாமல் இருக்க வேண்டும். அறையின் இரைச்சல் என்னவென்று அந்தப் பத்து வினாடியிலிருந்துதான் கணினி கற்றுக்கொள்ளும். கற்றதை முழுப் பதிவிலிருந்தும் துடைத்துவிடும். அந்த மௌனத்தை யாரும் கேட்பதில்லை. மவுசால் இழுத்துத் தெரிவுசெய்து ஒரு பொத்தானை அமுக்குவதோடு சரி. அன்றைக்கு இடையில் போன் வந்ததால், அருந்ததி பொத்தானை அமுக்க மறந்து அதை ஓடவிட்டிருந்தாள்.

பிறகு ஒரு பிடிவாதத்தில் பழைய மூலப் பதிவுகளை எல்லாம் திறந்து மௌனங்களை மட்டும் கேட்டாள். முதல் அத்தியாயத்தில் ஒன்றுமில்லை. தூரத்தில் முச்சக்கர வண்டி ஒன்று. இரண்டாவதில் இருந்தது. அறைக்கு வெளியே, கதவுக்கு அந்தப் பக்கம் போல. மூன்றிலும் அதே தூரம். பதின்மூன்று வரை அதே தூரம். பதினான்கில் கதவுக்கு இந்தப் பக்கம்.

முனவ்வராவுக்குப் போன் எடுத்தாள். கொங்காவெலயில் முன்பள்ளி ஆசிரியை அவள், முப்பது வயதிருக்கும்.

"ரெக்கோட் பண்ணேக்க பக்கத்தில ஆரை வைச்சிருக்கிறீர்?"

"ஆரும் இல்ல மிஸ். வெள்ளிக்கிழமதானே செய்றேன். ஆம்புளயள் எல்லாம் ஜும்ஆ தொழப் போயிருவாங்க. உம்மா பின்னுக்குக் குசினியில."

"அப்ப மூச்சு விடுறது ஆர்? அலுமாரியோ?"

மறுமுனையில் வந்த குரலில் அச்சமில்லை. ஒரு பெரிய நிம்மதிதான் இருந்தது.

"மிஸ்ஸுக்கும் கேக்குதா?"

அருந்ததி போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"அது கத கேக்க வாற ஒண்ணு மிஸ். ஒண்ணும் செய்யாது. வாசிச்சு முடிச்சோடன 'மிச்சம் நாளைக்கி'ன்னு சொன்னா போயிரும். புள்ளைங்களுக்குச் சொல்ற மாதிரித்தான். நீங்கதான் அதச் சொல்ல வாணாம்னு எழுதியிருந்தீங்க."

எழுதியிருந்தாள்தான். ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசியிலும் முனவ்வரா, பிரதியில் இல்லாத அந்த ஒரு வரியைச் சொல்லி வந்தாள்: மிச்சம் நாளைக்கி. பாலர் வகுப்பில் ஒட்டிக்கொண்ட பழக்கம் என்று அருந்ததி நினைத்தாள். பதினொரு தடவை சுத்தமாக வெட்டி எறிந்தாள். பன்னிரண்டாம் தடவை, "இது பாலர் பாடசாலை அல்ல. பிரதியில் இல்லாததை இனிச் சொல்ல வேண்டாம்" என்று எழுதி அனுப்பினாள். பதின்மூன்றில் அந்த வரி இல்லை. தன் குறிப்புக்குப் பலன் கிடைத்ததென்று அன்றைக்கு ஒரு திருப்தியும் பட்டிருந்தாள்.

"முனவ்வரா, நீர் படிச்ச பிள்ளைதானே?" என்றாள். "ஃபேனை நிப்பாட்டிப்போட்டு வாசியும்."

அடுத்தடுத்த வாரங்களில் அத்தியாயங்கள் வந்தன. முனவ்வராவின் குரல் சன்னமாகிக்கொண்டே போனது. அந்த மூச்சு நான்கடி, மூன்றடி என்று வந்தது. இருபதாவதில் மைக்குக்கு மிக அருகில் இருந்தது. மைக்கின் கம்பி வலையில் ஈரம் படுகிற சத்தம்கூடக் கேட்டது. அருந்ததி ஒவ்வொன்றையும் தெரிவுசெய்தாள், பொத்தானை அமுக்கினாள், துடைத்தாள். கணினி கெட்டிக்காரத்தனமாக எல்லாவற்றையும் கழுவிக் கொடுத்தது. குறிப்பில், "பின்னணிச் சத்தம். கவனிக்கவும்" என்று எழுதினாள். அவ்வளவுதான்.

மிஞ்சியது கடைசி அத்தியாயம், இருபத்தொன்று.

அதற்கு முந்திய புதன்கிழமை முனவ்வரா நேரிலேயே வந்தாள். படியேறிய களைப்பு, கண்ணைச் சுற்றிக் கருப்பு. உட்காரச் சொல்லியும் கதவு நிலையிலேயே நின்றாள்.

"மிஸ், புத்தகத்துல கடைசிப் பக்கம் இல்ல. கிழிஞ்சி போனத அப்படியே ஸ்கேன் பண்ணியிருக்காங்க."

"தெரியும்."

"பாதி வசனத்துல நிக்குது. நானா ஒரு முடிவு சொல்லிர்றேனே? சின்னதா. ரெண்டு வரி."

அருந்ததி கண்ணாடியைக் கழற்றினாள். நாவல் மோசமான நாவல்தான், தொண்ணூறு வருடத்துப் பழசு. அட்டையோடு எழுதியவர் பெயரும் போய்விட்டது. மலைநாட்டுக்கு வியாபாரத்துக்கு வந்தவனின் மனைவி பூட்டிய கதவுக்கு இந்தப் பக்கம் இருபத்தொரு அத்தியாயம் காத்திருக்கிறாள், இரவில் யாரோ வந்து கதவைத் தட்டுகிறார்கள், அவள் திறப்பதில்லை. ஆனாலும் அச்சானது அச்சானதுதான்.

"நீர் ஆர் முடிவு சொல்ல?"

"ஆரோ ஒரு ஆள் சொல்லத்தானே வேணும் மிஸ்? எவ்வளவு நாளா கேட்டுக்கிட்டு ஈக்குது."

"கேட்டுக்கிட்டு ஈக்குது," என்று அருந்ததி அதே ராகத்தில் திருப்பிச் சொன்னாள். "உந்தத் தமிழோட ஒரு புத்தகத்தை முடிச்சும் வைக்கப் போறீரோ? விடும். கடைசி அத்தியாயத்தை நான் வாசிக்கிறன். உள்ளது உள்ளபடி. எங்க நிக்குதோ அங்க நிப்பாட்டுவன்."

முனவ்வராவின் முகம் முதலில் வாடியது. இருபது வெள்ளிக்கிழமை வாசித்த புத்தகம்; கடைசியில் வாசித்தவராகத் தன் பெயர் தனியாக வரும் என்று இருந்தவள். பிறகு வேறொன்று அந்த முகத்தில் மெதுவாகப் படிந்தது. அது இரக்கம் என்பது அருந்ததிக்குப் பிடிபடச் சற்று நேரமானது. பிடிபட்டதும் கோபம் வந்தது.

"அப்ப மிஸ், முடிச்சிருங்க. உங்க வாயால எதயாவது சொல்லி முடிச்சிருங்க. அல்லாவுக்காக."

வியாழன் மாலை அவளிடமிருந்து வட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்தது. அந்தக் குரல் கழுவித் துடைத்தது போல் தெளிவாக இருந்தது. "மிஸ், நேத்திலேந்து வூட்ல அது இல்ல. சும்மா மைக்கப் போட்டுப் பாத்தேன். போயிட்டு." அதோடு செய்தி முடிந்தது. எங்கே போயிற்று என்று அவள் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பதினொன்றே முக்காலுக்கு அருந்ததி கீழே போய்ப் பால்மா வாங்கிக்கொண்டு திரும்பினாள். அப்துல் ஸமத் வெள்ளை ஜுப்பாவில், அத்தர் மணக்க, களஞ்சியத்தைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன மிஸ், இன்னைக்கும் சுவரோட பேச்சா?"

"நான் வாசிக்கிறது உலகத்துக்கு, முதலாளி."

"போன தடவ போட்ட கதய உலகத்தில எத்தின பேரு கேட்டாங்க?"

"பதினொண்டு."

"அதுல நீங்க எத்தின?"

அவள் படியேறினாள். ஒன்பது.

அவள் ஆயத்தம் முறையானது. ஜன்னலை மெத்தையால் அடைத்தாள். கதவைப் பூட்டி அதன் மேல் கம்பளியைத் தொங்கவிட்டாள். குளிர்சாதனப் பெட்டியின் பிளக்கைக் கழற்றினாள், சுவர்க் கடிகாரத்தின் பற்றரியை எடுத்து மேசையில் வைத்தாள். கொழும்பிலிருந்து வரவழைத்த, காதை முழுதாக மூடுகிற ஹெட்செட்டை மாட்டினாள். மைக்கில் விழுவதெல்லாம் அதே கணத்தில் அதில் கேட்கும். பாங்கு ஒலித்து ஓய்ந்தது. வீதியில் ஷட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின, மோட்டார் சைக்கிள்கள் பள்ளிவாசல் பக்கம் போய் அடங்கின, கடைசியாக எங்கோ ஒரு பூட்டு கிளிக்கென்றது. நடுப்பகலில் ஊரே வாயை மூடிக்கொள்கிற அந்த அரைமணி, முக்கால் மணி நேரம். கீழேயிருந்து பலகை இடுக்கு வழியாக மிளகும் கராம்பும் மணத்தன. அறையில் சத்தம் போடக்கூடியது என்று மிஞ்சியது அவள் மட்டும்தான்.

பதிவை ஓடவிட்டுப் பத்து வரை எண்ணினாள். ஒன்றுமில்லை. வெறும் அறை.

மெல்லச் சிரித்துக்கொண்டாள். பிறகு வாசிக்கத் தொடங்கினாள்.

நன்றாகத்தான் வாசித்தாள். ஒவ்வொரு 'ழ'வும் 'ள'வும் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. வாக்கியங்கள் நிறுத்தற்குறிக்கு மரியாதை செய்து நின்று நடந்தன. இப்படி வாசிக்க வேண்டும் என்று அந்தக் கூட்டத்துக்கு ஒரு பாடமாகவே இது இருக்கட்டும் என்று நினைத்தபடி ஒன்பதாம் பக்கத்தைப் புரட்டும்போதுதான், தன் குரல் மாறிவிட்டதை அவள் கவனித்தாள். குரலல்ல, அதன் எதிரொலி. வெறும் அறையில் குரல் சுவரில் பட்டுத் திரும்பும். ஆள் இருக்கும் பக்கத்திலிருந்து அவ்வளவு திரும்பாது, துணியும் சதையும் அதைக் குடித்துவிடும். இடப் பக்கம் அவள் குரல் திரும்பி வந்தது.

வலப் பக்கம் வரவில்லை.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வாசிப்பின் நடுவில் திரும்பினால் ஹெட்செட்டின் வயர் உரசும், பதிவு கெட்டுவிடும் என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டாள். மிளகு வாசத்துக்கு அடியில் இன்னொரு வாசம் வந்திருந்தது, மழையில் நனைந்து நாட்கணக்காகக் காயாத சாக்கின் வாசம். களஞ்சியத்தில் ஏதோ நனைந்திருக்கிறது. முதலாளியிடம் சொல்ல வேண்டும். பத்தாம் பக்கம். பதினோராம் பக்கம். குரல் நடுங்கவில்லை. அதில் அவளுக்கு இன்னும் கொஞ்சம் கர்வம் மிச்சமிருந்தது.

கடைசிப் பக்கத்தின் கடைசி வரி.

"அவள் தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்தாள். அங்கே நின்றது"

அதோடு தாள் கிழிந்திருந்தது. அவள் நிறுத்தினாள். உள்ளது உள்ளபடி. இனி முடிவு மௌனம், பத்து வினாடி.

ஒன்று. இரண்டு. மூன்று.

நான்கில் மூச்சு வந்தது.

வலக் காதில். உள்ளே இழுத்து, வைத்திருந்தது. விடவில்லை. அடுத்த சொல்லுக்காக வாய் திறந்து காத்திருப்பவர்கள் மூச்சைப் பிடிப்பார்களே, அப்படி.

ஐந்து. ஆறு.

இன்னும் விடவில்லை.

எதையாவது சொல்லி முடிச்சிருங்க.

அருந்ததி வாயைத் திறந்தாள். அங்கே நின்றது. என்ன நின்றது? கணவன் என்று சொன்னால் போதும். ஒரு சொல். முப்பத்துநான்கு வருடம் மற்றவர்களின் வாக்கியங்களை இந்த மொழியிலிருந்து அந்த மொழிக்குத் தூக்கிப் போட்டவள்; சொந்தமாக ஒரு வாக்கியம் சொன்னதில்லை, அதையே நேர்மை என்று பெருமைப்பட்டவள். நாக்கைத் தேடினாள். வந்தது சுற்றறிக்கை.

"அங்கே நின்றது… மேற்குறிப்பிட்ட… மேற்படி நபர்…"

மூச்சு அசையவில்லை.

"முற்றும்," என்றாள். குரல் உடைந்திருந்தது.

அசையவில்லை. சாக்கு வாசம் மூக்குக்குள் ஏறியது. வலக் கன்னத்து மயிர்கள் தாமாக நிமிர்ந்தன.

அப்போதுதான் அந்த வரி நினைவுக்கு வந்தது. பதினொரு முறை வெட்டி எறிந்து, பன்னிரண்டாம் முறை தடைசெய்த வரி. அவள் அதை அப்படியே சொன்னாள், முனவ்வராவின் நாக்கோடு, முனவ்வராவின் ராகத்தோடு, ஓர் எழுத்தும் திருத்தாமல்.

"மிச்சம் நாளைக்கி."

மூச்சு விடுபட்டது. நீளமாக. பிறகு இல்லை.

நாக்கைச் சொடுக்கிப் பார்த்தாள். சத்தம் இரண்டு பக்கமும் சுவரில் பட்டுத் திரும்பியது. வெறும் அறை. பதிவை நிறுத்திவிட்டு இரண்டு கையையும் மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சிரிப்பு வந்தது. இதற்காகவா? ஒரு பாலர் வகுப்பு வரிக்காகவா? சே. தனியே கிடந்து மூளை பழுதாகிவிட்டது, அவ்வளவுதான். மேற்படி நபர்! நல்லவேளை யாரும் கேட்கவில்லை. அந்தக் கூத்தையெல்லாம் வெட்டிவிட்டு இன்றைக்கே ஏற்றிவிட வேண்டும்.

பதிவின் கடைசி நிமிடத்தை ஓடவிட்டாள்.

அங்கே நின்றது. மௌனம். மூச்சு. மேற்குறிப்பிட்ட, மேற்படி நபர். முற்றும்.

பிறகு மூச்சு விடுபட்டது.

நடுவில் ஒன்றுமில்லை.

பின்னால் இழுத்து மறுபடி கேட்டாள். முற்றும். மூச்சு. அந்த வரி இல்லை. அது இருந்த இடமும் இல்லை. இடைவெளி இல்லை, தட்டல் இல்லை, விளிம்பில் சிறு பிசிறுகூட இல்லை. அலைக்கோடு பூச்சியத்தைத் தொடுகிற சரியான புள்ளியில் வெட்டி, சரியான புள்ளியில் ஒட்டியிருந்தது. நல்ல வேலை. அவள் வெட்டினால் இப்படித்தான் வெட்டுவாள்.

பிரதியில் இல்லாதது.

பதிவு ஓடி முடிந்தது. திரையில் கோடு நின்றது. லெப்டொப்பின் மூலையில் நேரம் மூன்று மணி தாண்டி ஏழு நிமிடம். ஜும்ஆ முடிந்து இரண்டு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். வீதியில் ஒரு ஷட்டரும் உயரவில்லை. ஒரு மோட்டார் சைக்கிளும் இல்லை. ஒரு காகமும் இல்லை.

எதுவும் ஓடாத ஹெட்செட்டில் மூச்சு உள்ளே இழுபட்டது.

நின்றது.

கழற்றலாம் என்று வலக் கையைத் தூக்கினாள். கை பாதியில் நின்றுவிட்டது. ஹெட்செட்டின் வலப் பக்கம் மெல்ல அமுங்கியது, வெளியிலிருந்து. இன்னும் கொஞ்சம் அமுங்கியது. பஞ்சு வழியாகக் குளிர் இறங்கி அவள் காதைத் தொட்டது. அந்தப் பக்கத்தில், அவள் காதுக்கு நேராக, இன்னொரு காது வந்து ஒட்டியிருந்தது. ஈரமானது. பெரியது. கதவுக்கு அந்தப் பக்கம் நடப்பதை ஒட்டுக் கேட்கிறவர்கள் பலகையில் காதை வைத்து அழுத்துவார்களே, அப்படி அழுத்தி, அசையாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, அது கேட்டுக்கொண்டிருந்தது.

அருந்ததி வாயைத் திறந்தாள்.

"அங்கே நின்றது," என்றாள்.